பின்சுவரில் தொங்கிய ஜமக்காளங்களுக்கு நன்றி

எங்கள் இசை விழா நல்லபடியாக நடந்து முடிந்தது. புது அரங்கின் எதிரொலியால் நாங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். உதவியவர்களுக்குச் சூட்டோடு சூடாக நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, அந்த எதிரொலியை அடக்கப் பின்சுவரில் தொங்கவிட, பவானியிலிருந்து ஜமக்காளங்களை வேனில் ஏற்றி அனுப்பிய நெசவாளர் அம்மாவுக்கு. அத்தனையும் விற்பனைக்கு வைத்திருந்த புதுச் சரக்கு. வாடகைப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

புது இசையரங்கின் பின்சுவர் உள்வளைந்தது, வழுவழுப்பான பூச்சு. மேடைக்கும் அதற்கும் 26 மீட்டர். மிருதங்கத்தில் ‘சாப்பு’ என்னும் அடி ஒன்று விழுந்தால், ஒலி 52 மீட்டர் போய்வந்து 0.15 விநாடி கழித்து மேடையிலேயே குவிந்தது. சுமார் 0.05 விநாடிக்குள் திரும்பினால் காது அதை முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். இங்கே ஒரு சாப்பு இரண்டாகக் கேட்டது. துரித காலத்தில் தாளமே குழம்பிவிடும். கடைசி வரிசைக்காரர்களுக்குச் சுவர் பக்கத்திலேயே இருப்பதால் இது தெரியாது. ‘எல்லாம் சரியாகத்தானே கேட்கிறது’ என்று சிலர் சொன்னதும் அதனால்தான். கூட்டம் நிறைந்தால் அரங்கின் முழக்கம், அதாவது ஒலி அடங்காமல் நீடிப்பது, குறையும், ஆனால் தலைக்கு மேலே போய்த் திரும்பும் எதிரொலி குறையாது.

துணியைச் சுவரோடு ஒட்டி அடித்தால் அதிகப் பலன் இல்லை. சுவரை ஒட்டிக் காற்று அசைவதில்லை, கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு அதிகம். ஒரு சாண் இடைவெளி விட்டால் சுமார் 400 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள ஒலியைத் துணி நன்றாக உறிஞ்சும். மடிப்பும் வேண்டும்: 36 அடிச் சுவருக்கு 72 அடித் துணி. ஆறுக்கு ஒன்பது அடி ஜமக்காளம் 12.

இதைப் போனில் கேட்டுக்கொண்ட அந்த அம்மா, ஒவ்வொன்றின் மேல் ஓரத்தையும் நாலு விரற்கடை மடித்து, ஒரு அங்குல ஜி.ஐ. குழாய் நுழையும்படி ஓட்டுத்தையல் போட்டே அனுப்பியிருந்தார். “பிரிச்சா தடம் தெரியாதுங்க, ஆணி மட்டும் அடிச்சுப்போடாதீங்க” என்றார். குழாயைக் கோத்து மாட்டியதும் சாப்பு ஒன்றாகக் கேட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் அரங்க ஒலி ஆய்வைத் தொடங்கிய இயற்பியலாளர் வாலஸ் சபைனும், நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டுத்தான் ஒரு விரிவுரைக் கூடத்தின் முழக்கத்தை அளந்தார். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கு அவர் கணக்கில் எழுந்தது. பவானித் தறிக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு.

ஏ.சி. விசிறியின் வேகத்தைத் தணித்து இரைச்சலை அடக்கியவர், விளக்கு டிம்மர் வயரை மைக் வயரிலிருந்து பிரித்து உறுமலைப் போக்கிய எலெக்ட்ரீஷியன்கள், சாரம் கட்டியவர்கள், இரவெல்லாம் டீ கொடுத்தவர்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

பருத்தி தீப்பற்றும், எனவே இது நிரந்தர ஏற்பாடு ஆகாது. அடுத்த விழாவுக்குள் 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகைகளைத் தீப்பிடிக்காத துணி உறையிட்டு, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பொருத்துவோம், இது எங்கள் உறுதி. அரங்கு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பின்சுவரைப் பூசும் முன் மேடையில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள்.

ஜமக்காளங்கள் தையல் பிரித்து, தூசி தட்டி, இந்த வாரமே பவானி திரும்புகின்றன.

– விழாக் குழுவினர்