படத்தில் நாற்காலி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிதாகத் திறக்கப்பட்ட பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். படத்தை மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன். வரிசையாகக் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர்கள், இன்குபேட்டர் பெட்டிகள், சுவாசக் கருவிகள், மஞ்சள் காமாலைக்கான நீல விளக்குகள். எல்லாமே வேண்டியவைதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதில் பாதி இருந்திருந்தால் எத்தனையோ இரவுகள் வேறு மாதிரி விடிந்திருக்கும். ஆனால் நான் தேடிய பொருள் அந்தப் படத்தில் இல்லை. பெற்றவள் உட்கார ஒரு நாற்காலி. கடைசிப் பத்தியில் காரணமும் இருந்தது: தொற்று வராமலிருக்கப் பெற்றோர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க ஏற்பாடாம். அதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தீர்கள்.

அப்படி ஒரு கண்ணாடிக்கு உள்பக்கம் 34 ஆண்டுகள் நின்றவள் நான். செவிலியராகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றேன். அம்மாக்களை வெளியே நிறுத்துவதில் என்னைவிடக் கறாரானவர் எங்கள் பிரிவில் யாரும் இருந்ததில்லை.

ஒரு தாயைச் சொல்கிறேன். அவர் குழந்தை பிறக்கும்போது 1,240 கிராம். 41 நாள் எங்களிடம் இருந்தது. அவர் தினமும் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு கதவருகில் வந்து நிற்பார். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவேன். மாலையில் பத்து நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். திரை விலகாத நாளும் உண்டு, எங்களுக்கு உள்ளே வேலை இருக்கும். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று குழந்தையைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கப் பதிவேட்டை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. "தூக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

பெற்ற பிள்ளையைத் தூக்க என்னிடம் அனுமதி கேட்டார். எனக்கு அன்று அது உறைக்கவே இல்லை. "கழுத்தைத் தாங்கிப் பிடிச்சுத் தூக்கும்மா, இதுகூடத் தெரியாதா" என்றேன்.

ஐந்தாம் நாள் குழந்தை திரும்பி வந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது, எடை இறங்கியிருந்தது. "அழவே இல்லையே சிஸ்டர், பசிக்கலைன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. குறைமாதக் குழந்தை பசித்தாலும் சில நேரம் அழாது, சோர்ந்து தூங்கிக்கொண்டே கிடக்கும், நேரம் பார்த்து எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும். உதட்டைச் சப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது என்று சின்னச் சின்ன அடையாளங்கள்தான் அதன் அழுகை. எங்களுக்கு இதெல்லாம் பாடம். அவருக்கு யார் சொன்னது? 41 நாளில் ஒரு மணி நேரம் அந்தக் குழந்தையோடு அவர் இருந்ததில்லை. நாங்கள் பதிவேட்டில் 'தாயின் கவனக்குறைவு' என்று எழுதினோம். எழுதிய கை என்னுடையதுதான். குழந்தை பிழைத்துக்கொண்டது.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த மருத்துவர் கங்காரு பராமரிப்பைத் தொடங்க வேண்டும் என்றார். குழந்தைக்கு ஒரு அணையாடையும் குல்லாயும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்க வைத்து, மேலே துணியால் கட்டிவிடுவது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர் ஆரம்பித்தது இது. அங்கே இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தி, ஒன்றின் நோய் மற்றதற்குப் பரவிக்கொண்டிருந்தது. அதனால் அம்மாவையே இன்குபேட்டர் ஆக்கினார்கள். இதைச் சொன்னபோது நான்தான் முதலில் எழுந்து எதிர்த்தேன். "அவங்ககிட்ட இல்லாததால அப்படிச் செஞ்சாங்க. நம்மகிட்டதான் பெட்டி இருக்கே டாக்டர்?" குழாய் பிடுங்கிக்கொள்ளும், தொற்று வரும், குழந்தை குளிர்ந்துவிடும் என்று அடுக்கினேன்.

அவர் வாதம் செய்யவில்லை. ஒரு அம்மாவைக் கூட்டிவந்து உட்கார வைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்த குழந்தையை அவர் மார்பில் வைக்கச் சொன்னார். நான் மானிட்டரையே முறைத்துக்கொண்டு நின்றேன். ஆக்சிஜன் அளவு 88, 93, 90 என்று ஆடிக்கொண்டிருந்தது மெல்ல அடங்கி 94-இல் நின்றது. அரை மணி நேரம் கழித்து அக்குளில் வெப்பமானி வைத்தேன், 36.8 டிகிரி செல்சியஸ். பெட்டிக்குள் அந்த எண்ணுக்காக நாங்கள் எத்தனை முறை குமிழைத் திருகியிருக்கிறோம்! அம்மா அசையாமல் இருந்தார். அப்படியே தூங்கிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கிய முதல் தூக்கமாம் அது.

ஒரு வார்டில் ஒரு குழந்தையிடம் நான் கண்டது ஆராய்ச்சி ஆகாது என்பது எனக்குத் தெரியும். அதையும் செய்துவிட்டார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். பாதிப் பேரைப் பிறந்த உடனேயே கங்காரு முறையில் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கப்படி உடல்நிலை சீரான பிறகு. முதல் 28 நாளில் இறந்தவர்கள் உடனே வைத்த குழுவில் நூற்றுக்கு 12, மற்றதில் 15.7. இவ்வளவு வித்தியாசம் தெரிந்த பிறகு மறு பாதிக்கு இதைத் தராமல் இருப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2021-இல் முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது: குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் பிறந்த உடனே கங்காரு பராமரிப்பு, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம். தானாக மூச்சுவிட முடியாத, சுவாசக் கருவி தேவைப்படுகிற, ரத்த ஓட்டம் குன்றி அதிர்ச்சி நிலையில் இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு.

தொற்றுக்கு வருகிறேன், உங்கள் செய்தியில் சொன்ன காரணம் அதுதானே. அந்த ஆய்வில் அம்மாவோடு இருந்த குழந்தைகளிடம்தான் தொற்றுச் சந்தேகம் குறைவு. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. ஒரு குழந்தையைத் தொட்ட கையோடு அடுத்த குழந்தையிடம் போகிறவள் அம்மாவா, நானா? ஆறு குழந்தைகளுக்கு ஒரே செவிலியர் என்ற இரவில், அலாரம் இரண்டு பக்கமும் அடிக்கும்போது, கை கழுவாமல் ஓடியிருக்கிறேன். அம்மா தொடுவது ஒரே குழந்தையை. அவர் உடம்பில் இருக்கும் கிருமிக்கு எதிரான சக்தி அவர் பாலிலேயே இறங்கி வருகிறது. கை கழுவக் கற்றுக்கொடுங்கள், நகம் வெட்டச் சொல்லுங்கள், சளி இருமல் இருந்தால் வரவேண்டாம் என்று சொல்லுங்கள். கதவைச் சாத்தாதீர்கள்.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டிய கதை ஒன்று உண்டு. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற சிஸ்டர் குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்கு எடுத்துப்போவார். ஒரு நாள் குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். வெயில் பட்ட இடத்தில் காமாலையின் மஞ்சள் வெளுத்திருந்தது, துணி மூடிய இடத்தில் அப்படியே இருந்தது. உங்கள் படத்தில் இருக்கும் நீல விளக்குகளின் தொடக்கம் அதுதான். பக்கத்தில் இருந்து பார்த்த கண் அது. இப்போது ஒரு குழந்தையை நாள் முழுக்கப் பார்க்க எந்தச் செவிலியருக்கு நேரமிருக்கிறது? அம்மாவுக்கு இருக்கிறது. "சிஸ்டர், இன்னிக்கு இவன் ஒரு மாதிரி இருக்கான்" என்று ஒரு தாய் சொல்ல, மானிட்டரில் எல்லாம் சரியாக இருக்க, நான் அலட்சியமாகப் போயிருக்கிறேன். சில மணி நேரத்தில் வயிறு உப்பி, மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. ரத்தத்தில் தொற்று. அதன் பிறகு 'ஒரு மாதிரி' என்ற வார்த்தையைக் கேட்டால் உடனே மருத்துவரைக் கூப்பிடுவேன்.

அப்பாக்களையும் மறக்க வேண்டாம். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, எழ முடியவில்லை என்றால் அப்பாவின் மார்பும் சூடுதான். "முடி குத்தாதா சிஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார். குத்தவில்லை. பையன் அதைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டதில் அப்பாதான் 'ஆ' என்றார்.

ஒரு பயமும் எனக்கு உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அம்மாதான் உள்ளே இருக்கிறாளே என்று செவிலியர் எண்ணிக்கையைக் குறைக்கிற நிர்வாகங்கள் வரும். அம்மா குழந்தையைச் சூடாக வைப்பார், பால் கொடுப்பார். மூச்சு நின்றால் குழந்தையின் முதுகைத் தடவித் தூண்டவும் கற்றுக்கொள்வார். ஊசி மருந்தின் அளவைக் கணக்கிட மாட்டார், குழாய் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். அதோடு அவரும் பிரசவித்த உடம்போடு இருக்கிறவர். தையல் இருக்கும், ரத்த அழுத்தம் இருக்கும். அவரைக் கவனிக்க அங்கேயே ஆள் வேண்டும். சாய்ந்து படுக்கும் நாற்காலி, மறைப்புத் திரை, பக்கத்திலேயே கழிப்பறை, வேளைக்குச் சாப்பாடு, இதெல்லாம் சேர்ந்ததுதான் நான் கேட்கும் நாற்காலி. ஸ்டூலைப் போட்டுவிட்டு இடம் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டக் கூடாது.

உங்கள் நிருபர் மறுபடி அந்தப் பிரிவுக்குப் போனால் எத்தனை கருவி என்று கேட்டதுபோல இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: நேற்று ஒரு குழந்தை அம்மாவின் மார்பில் எத்தனை மணி நேரம் இருந்தது? இரவு எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துகிறீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்
(பெயர் வெளியிட வேண்டாம்)