பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயர் வேறுபாடு: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
பாஸ்போர்ட், இ-சேவை விண்ணப்பங்களைப் பதிந்து தரும் மைய நடத்துநர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: ஆவணங்களில் பெயர், இனிஷியல் வேறுபாட்டால் பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் நிறுத்தப்படுவது – வட்டந்தோறும் திருத்த முகாம் நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

வெளிநாட்டு வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த மாவட்டம் இது. பாஸ்போர்ட் தாமதமானால் வந்த வேலையே கைநழுவிப் போகிறது. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஓர் இனிஷியல்தான்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயரை இனிஷியல் இல்லாமல் விரித்து எழுத வேண்டும். நம் ஆவணங்களோ இனிஷியலில்தான் ஓடுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றில் பெயர் கயல்விழி, தந்தை செல்வம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கயல்விழி செ'. திருமணத்துக்குப் பின் மாற்றிய ஆதாரில் கணவரின் இனிஷியலோடு 'மு. கயல்விழி'. பான் அட்டையில் 'கயல்விழி செல்வம்'. போதாததற்கு ஆங்கிலத்தில் 'ழி'க்கு ஓர் அட்டையில் இசட்-எச், இன்னோர் அட்டையில் வெறும் எல். தமிழில் படித்தால் ஒரே ஆள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் அலுவலருக்கு அப்படித் தெரிவதில்லை. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. நிராகரிக்கப்பட்டால் கட்டிய 1,500 ரூபாயும் திரும்ப வராது.

உடனே மக்கள் ஓடுவது ஆதார் மையத்துக்கு. தவறு இங்குதான் தொடங்குகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். திருமணத்தின்போது ஒன்று, யாரோ சொன்னார்கள் என்று மற்றொன்று என இரண்டும் தீர்ந்த பிறகுதான் பிறப்புச் சான்றில் எழுத்து வேறு என்பது தெரிய வருகிறது. அதற்குமேல் மாற்ற அரசிதழ் அறிவிப்பும் ஆதார் மண்டல அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது எத்தனை நாள் அலைச்சல் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 'இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே' என்று நோட்டரியிடம் பத்திரம் எழுதி வருவோரும் உண்டு. பெயர் அடியோடு வேறாக இருந்தால் அந்தப் பத்திரம் மட்டும் போதாது.

திருத்தும் வரிசையே முக்கியம். முதலில் பிறப்புச் சான்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும். அவற்றின் எழுத்துகளை அப்படியே பார்த்து ஆதார். பிறகு பான், வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு. பாஸ்போர்ட் விண்ணப்பம் கடைசியில். அதிலும் இரண்டாம் பெயருக்கான (சர்நேம்) கட்டத்தை வெறுமையாக விட்டுவிடக் கூடாது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது நினைவிருக்கலாம். இரண்டாம் கட்டத்தில் தந்தை பெயரை எழுதலாம். திருமணம் ஆனதற்காகப் பெண்கள் பெயரை மாற்றியாக வேண்டும் என்பதும் இல்லை. கணவர் பெயருக்கு விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கிறது. இது தெரியாமல் நல்ல ஆதாரைத் திருத்திக் கெடுத்துக்கொள்வோரைப் பார்க்கும்போது எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆகவே, மாதம் ஒரு நாள் ஒவ்வொரு வட்டத்திலும் பிறப்புப் பதிவாளர், ஆதார் பதிவாளர், பள்ளிக் கல்வித் துறை அலுவலர் மூவரும் ஒரே இடத்தில் அமர்ந்து, மேற்சொன்ன வரிசையில் திருத்தம் செய்து தர ஆணையிட வேண்டுகிறோம். ஆதாரில் கை வைக்கும் முன் பிறப்புச் சான்றைப் பார்ப்பது அங்கே கட்டாயமாக இருக்க வேண்டும். பெயரே எழுதப்படாத பிறப்புச் சான்றுகளில், பிறப்பைப் பதிந்து 15 ஆண்டு ஆகாதோருக்குப் பெயர் சேர்க்கும் வேலையையும் அங்கேயே முடிக்கலாம்.

இதைவிடவும் அவசரமானது, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல். அது தேர்வுத் துறைக்குப் போகும் முன் பிறப்புச் சான்றையும் ஆதாரையும் அருகில் வைத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்பட ஒப்பிட்டுப் பெற்றோரிடம் கையொப்பம் பெறுமாறு தலைமை ஆசிரியர்களுக்கு முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக அறிவுறுத்த வேண்டும். சான்றிதழ் அச்சான பிறகு மாதக்கணக்கில் அலைவதை அன்று ஒரு பேனாக் கோடு தடுத்துவிடும்.

திருத்த வரிசையை விளக்கும் ஒரு பக்கத் தமிழ்த் தாளை இத்துடன் இணைத்துள்ளோம். தாங்கள் சரிபார்த்து, கிராம நிர்வாக அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் ஒட்டச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மைய நடத்துநர்கள்

இணைப்பு: மாதிரி வழிகாட்டித் தாள் – 1