பன்னிரண்டு அடி வேகத்தடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்வீடன் போன்ற வெளிநாடுகளில் பலன் தந்த சாலைப் பாதுகாப்பு முறைகளை இங்கும் கொண்டுவர வேண்டும் என்கிறது தங்கள் இதழில் வந்த கட்டுரை. மறுப்பில்லை. ஆனால், எப்போதோ கொண்டுவந்த ஒன்று இங்கே என்ன கதியில் கிடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தெருவுக்குத் தெரு இருக்கும் வேகத்தடையைத்தான் சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வாட்ஸ் என்பவர் பல அளவுகளில் மேடு போட்டு, அவற்றின் மேல் வண்டிகளை ஓட்டிச் சோதித்தார். வண்டி போகும் திசையில் நீளம் குறைந்த மேட்டில் ஒரு வினோதம் உண்டு. மெதுவாக ஏறினால் தூக்கிப் போடும். வேகமாக ஏறினால் டயரும் சஸ்பென்ஷனுமே அடியை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதாவது, ஒழுங்காகப் போகிறவருக்குத்தான் தண்டனை. நீளமான மேட்டில் இது தலைகீழ்: வேகம் கூடக் கூட வண்டி மொத்தமாக எழும்பி இறங்கும். அந்தச் சோதனைகளில் தேறிய அளவு, நீளம் 12 அடி, உயரம் 4 அங்குலம். நம் நாட்டில் சாலை நெறிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற நெறிமுறை நூல் சொன்னதும் அதுதான்: 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான கணக்கு இது.

இங்கே நடப்பது வேறு. விபத்தில் ஒரு உயிர் போகும், ஊர் மறியலில் உட்காரும், பொழுது சாய்வதற்குள் ஒரு டிராக்டர் தார்க்கலவை கொட்டப்படும். இரண்டடி நீளத்தில் முக்கால் அடி உயரக் கரை ரெடி. அதில் முதலில் விழுவது டூவீலரின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையும் வைத்திருக்கும் பெண்தான். பெயர் மட்டும் கப்பலேறி வந்தது, அளவு வரவில்லை.

அளவைச் சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். நடு உச்சி 10 செ.மீ. அங்கிருந்து இரு பக்கமும் அரை மீட்டர் தள்ளி 9.3, ஒரு மீட்டரில் 7.1, ஒன்றரை மீட்டரில் 3.4 செ.மீ. இருக்க வேண்டும், 1.85 மீட்டரில் சாலையோடு சேர்ந்துவிட வேண்டும். இந்த வளைவில் ஒரு பிளைவுட் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, ரோலர் ஓட்டி முடித்ததும் சாலையின் குறுக்கே மூன்று இடங்களில், வண்டி போகும் திசையில் வைத்துப் பார்த்தால் போதும். ரோலர் ஓட்டாமல் விட்டால் லாரிச் சக்கரத் தடம் மட்டும் அமுங்கி, நடுவில் முதுகு துருத்தும். கூடவே 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை. பெயின்ட் தேய்ந்துபோன வேகத்தடை ராத்திரியில் பள்ளத்தைவிட மோசம்.

மழைநீர் ஓட ஓரத்தில் சந்து விடுவது இன்னொரு தவறு. பைக்குகள் எல்லாம் அந்தச் சந்துக்குத்தான் ஒடிக்கும்; அங்கேதான் பாதசாரி நடந்து போவார். மேட்டை ஓரம்வரை கொண்டுபோய், தண்ணீர் வந்து சேரும் பக்கத்தில் வடிகால் வாய் வைக்க வேண்டும். இல்லையென்றால் மேட்டின் அடியில் தண்ணீர் தேங்கி, இரண்டு மழைக்காலத்தில் அங்கேயே குழி விழும்.

பிரிட்டனில் பேருந்துத் தடங்களில் ஒரு மீட்டர் அறுபது, எழுபது செ.மீ. அகலத்தில் தனித்தனித் திட்டுகளாக மேடு போடுகிறார்கள். பேருந்தும் தீயணைப்பு வண்டியும் சக்கரத்தை இருபுறமும் விட்டுக் கடந்துவிடும், கார் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே நல்ல யோசனைதான். ஆனால் இங்கே ஓடுவதில் பெரும்பாலானவை டூவீலர்கள். அவை இடைவெளியில் வேகம் குறையாமல் நழுவிப் போய்விடும்.

ஆகவே ஸ்வீடனைப் பார்க்கும் முன் மலேசியாவைப் பார்ப்பது நல்லது. அதுவும் மோட்டார் சைக்கிள் நாடுதான். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளைக்கோடு கிழித்து விடவில்லை, தடுப்பு வைத்துப் பிரித்தார்கள். அதைவிட முக்கியம், கிளைச்சாலைகள் வந்து சேரும் இடங்களில் பைக்குகள் அடியில் புகுந்து வெளியே வரச் சுரங்கவழி உண்டு. இங்கே தனிப்பாதை போடுகிறவர்கள் செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்போவது அந்தச் சுரங்கவழியில்தான். அதை விட்டுவிட்டால், சந்திப்பு வரைக்கும் பத்திரமாக வந்த பைக்கை, இடதுபுறம் திரும்பும் லாரியின் இடப்பக்கத்தில் கொண்டுபோய் விட்டதாக ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்,
திருச்சி