இல்லை என்று எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

அகதி விசா விண்ணப்பங்களைத் தீர்மானிக்கும் ஆஸ்திரேலிய உள்துறை இலாகா அதிகாரிகளுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பால் மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே வேலை பார்த்தேன். தொழிற்சங்கக் கமிட்டியிலும் பல வருஷம் இருந்தேன்.

ஒருமுறை, ஒட்டுப்பால் (உறைந்துபோன ரப்பர் பால்) திருடினார் என்று ஓர் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார்கள். நாங்கள் விடவில்லை. தவறு செய்ததாகச் சொல்லி ஒருவரை நீக்குவதற்கு முன் முறையாக விசாரிக்க வேண்டும் என்று எங்கள் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. குற்றச்சாட்டை எழுத்தில் வாங்கினோம். அந்த அம்மா பதில் சொன்னார். அவர் சாக்கை ஸ்டோருக்குத்தான் தூக்கிப் போனார் என்று தோட்டத்துக் கணக்கர், கிராணியே சாட்சி சொன்னார். வேலை தப்பியது.

ஒரு சாக்கு ஒட்டுப்பாலுக்கு இவ்வளவு விசாரணை. இங்கிருந்து உங்களிடம் அகதி விசா கேட்கும் குடும்பத்துக்கு?

விண்ணப்பித்தவருக்குப் பாதகமான தகவல் கிடைத்தால் அதைச் சொல்லி அவரிடம் பதில் கேட்கும்படி உங்கள் 1958 குடியேற்றச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் தரப்படும் 200ஆம் எண் அகதி விசாவுக்கு அது பொருந்தாது. மறுத்தால் காரணத்தை எழுதித் தரும் கட்டாயமும் இல்லை. மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது.

2010 நவம்பரில், இலங்கையைச் சேர்ந்த இருவரின் வழக்கில், அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்திய நாட்டு நிலவரத் தகவலைச் சொல்லிப் பதில் கேட்காதது நியாயமான நடைமுறை இல்லை என்று உங்கள் உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர்கள் உங்கள் மண்ணில் கால் வைத்தவர்கள். சரி, இங்கே இருப்பவர்கள்? உங்களிடம் வந்த 800 பேரை மலேசியாவுக்கு அனுப்பும் திட்டத்தை அதே நீதிமன்றம் 2011 ஆகஸ்டு 31 அன்று தடுத்தது. அன்று எங்கள் சுதந்திர தினம். அகதிகளைக் காக்கும் சட்டக் கடமை மலேசியாவுக்கு இல்லை என்பதே காரணம். என் நாட்டைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு வலித்தது. ஆனால் உண்மை அதுதான், 1951 அகதி ஒப்பந்தத்தில் நாங்கள் இன்றும் சேரவில்லை. அதனால்தான் இவர்கள் உங்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

போன வாரம் இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு விசா விண்ணப்பப் பாரம் நிரப்ப உதவினேன். "மே மாதம் வெளிக்கிட்டம்" என்றார். நாட்டை விட்டு வந்த மாதம் மே என்று எழுதினேன். அவருடைய பாஸ்போர்ட்டில் வேறு மாதம் இருந்தது. எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டியபோது பதறிவிட்டார். "இல்லை அண்ணை, அது ஊரை விட்டு வெளிக்கிட்டது. நாட்டை விட்டு வந்தது பேந்து." பேந்து என்றால் பிறகு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானும் தமிழன், அவரும் தமிழர். வாசித்துக் காட்டாமல் இருந்திருந்தால் அந்தத் தேதி அவரைப் பொய்க்காரி ஆக்கியிருக்கும்.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் கேட்கக் கூடாது என்று உங்களைத் தடுக்கவில்லை. சந்தேகம் வந்தால் அது என்ன என்று அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள், பதில் சொல்ல நாள் கொடுங்கள். அப்புறமும் மறுப்பதென்றால் எதை நம்பவில்லை என்பதை எழுதுங்கள். சட்டத்தை மாற்றும்படி உங்கள் அமைச்சரிடமும் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் பாரம் அடுத்த வாரம் உங்களுக்கு வரும். தேதிகளை இரண்டு முறை சரிபார்த்திருக்கிறோம். இன்னும் ஏதாவது இடித்தால் அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தொழிலாளி ஒருவன்,
சுங்கை சிப்புட்