மூட்டைக்குக் காவல் இருப்பவருக்கும் ஒரு பரிசல்

விடுமுறை நாளில் ஒகேனக்கல்லுக்கு வண்டி பிடித்து வரும் குடும்பங்களுக்கு, அதிலும் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறவருக்கு,

வணக்கம். நான் பென்னாகரத்துக்காரி. உங்களுக்கு ஒகேனக்கல் ஒரு நாள் டூர். எங்களுக்கு அது 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கொல்லைப்புறம். எங்கள் வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் காபி குடித்து முடிப்பதற்குள் "அப்புறம், ஒகேனக்கல் எப்பப் போலாம்?" என்று கேட்டுவிடுவார்கள். கூட்டிக்கொண்டு போய்ப் போய் எனக்குக் கணக்கே விட்டுப்போயிற்று. ஆனால் இத்தனை தடவையில் நான் அருவியைப் பார்த்தது குறைவு. பைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் உங்கள் வீட்டிலும் பை பார்ப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். மெயின் அருவிக்குப் போகும் வழியில் நிழல் எங்கே கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்திருப்பார். மடியில் நான்கு செல்போன், கார் சாவி, இரண்டு மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் பிள்ளைகளின் மாற்றுத்துணி, துண்டு, சாப்பாட்டுக் கூடை. ஒரு கையில் குச்சி, குரங்குக்காக. அவர் பாட்டியாக இருப்பார், இல்லையென்றால் அம்மா, அதுவும் இல்லையென்றால் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள். அப்பாக்கள் இருந்து நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குக் காலில் கட்டு.

"நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று அவரேதான் சொல்லியிருப்பார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு நீங்கள் பரிசல் துறைக்கு நடந்துவிடுகிறீர்கள். சொன்னவர் மனசில் என்ன இருக்கும் என்று நான் சொல்கிறேன். புடவை நனைந்தால் எங்கே மாற்றுவது, பாறையில் வழுக்கினால் யார் பிடிப்பார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று காசு வேறு கேட்கிறார்களே என்ற கணக்கு. விருப்பம் இல்லாமல் இல்லை.

என் மாமியாரும் அப்படித்தான். இருபது தடவைக்குக் குறையாமல் ஒகேனக்கல் வந்தவர் ஒரே ஒரு தடவைதான் பரிசலில் ஏறினார். அதுவும் என் திட்டத்தால் இல்லை. ஒரு புதன்கிழமை, கூட்டமே கிடையாது. சின்னாறு பரிசல் துறையில் நின்ற பரிசல்காரர், "ஆயா, நீங்க மட்டும் ஏன் நிக்கறீங்க, நடுவுல உக்காருங்க, சுத்தும், ஆனா கவுராது" என்று கையை நீட்டிவிட்டார். புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பைகளை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வண்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தோம். அவ்வளவுதான் விஷயம்.

பரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி வட்டக் கூடையாகச் செய்வது. அந்தக் காலத்தில் அதற்கு மேல் மாட்டுத்தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, ஒற்றைத் துடுப்பு. ஆழமான இடத்தில் வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். பிள்ளைகள் கத்தும். அத்தையும் கத்தினார்.

சுற்றி முடித்ததும் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும் பாறைகளைப் பார்த்தபடி, "இந்தத் தண்ணிதானா நம்ம கொழாயில வருது?" என்று கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியாது. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். சிலருக்கு எலும்பையே பாதித்திருக்கிறது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கிவைத்த பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் இந்தக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வது அத்தைக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். அன்றைக்கு ஒரு கை பரிசலின் விளிம்பில், இன்னொரு கை தண்ணீரில். பொத்துவதற்குக் கை இல்லை.

சரி, உங்கள் டூருக்கு வருகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி செய்தியில் ஒரு எண்ணைப் பாருங்கள். மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் காவிரியின் வரத்தை மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-ல் கர்நாடகா ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தரவேண்டும் என்று சொன்னதே, அதை அளப்பதும் அங்கேதான். செய்தியில் வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் அணை நிரம்பித் திறந்துவிட்டால் அந்த எண் மளமளவென்று ஏறும். ஏறினால் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். வெள்ளம் மிஞ்சிப்போனால் மடம் சோதனைச் சாவடியிலேயே வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டோம் என்று அங்கே நிற்கும் போலீஸ்காரரிடம் சண்டை போடுவதில் புண்ணியமில்லை. ஆடிப்பெருக்கு சமயத்தில் இது அடிக்கடி நடப்பது. இன்னொன்று, கோடையில் வந்தால் வெறும் பாறையாக இருக்கிறதே என்று குறைசொல்லவும் கூடாது.

தண்ணீர் நிதானமாக இருக்கும் நாளாகப் பார்த்து, முடிந்தால் வார நாளில் வாருங்கள். பையைப் பாதியாகக் குறையுங்கள். அடுப்பு, பாத்திரம், அரிசி எல்லாம் கட்டிக்கொண்டு வரும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அங்கே மீன் சமைத்துக் கொடுப்பதற்கென்றே பெண்கள் இருக்கிறார்கள். கட்லாவோ கெளுத்தியோ, மீனை வாங்கிக் கையில் கொடுத்து, குழம்பு எவ்வளவு, வறுவல் எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இலை போடலாம். அவர்களுக்கு அது பிழைப்பு. உங்கள் வீட்டு அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு நாளாவது புகை இல்லாத பகல். ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடத்தில் 'புகையும் கல்' என்பதுதான். அது அருவிச் சாரலின் புகை. அதை அடுப்பங்கரைப் புகையாக மாற்றியது நாம்.

எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளும் ஐயாமார்களுக்குத் தனியாக ஒன்று. செய்துகொள்ளுங்கள், நல்லது. உடம்பை முறுக்கிப் பிழிந்து எடுத்துவிடுவார்கள். ஆனால் எண்ணெயோடு அருவிக்குப் போய், சீயக்காயும் ஷாம்புவும் தேய்த்து, வந்து படுத்து எழுந்திருப்பதற்குள் மதியம் மூன்று மணி ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரமும் யார் அந்த நிழலில் இருக்கிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். ஷாம்பு உறையைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வராமல் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

அப்படியும் காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாட்டியையும் அம்மாவையும் பிள்ளைகளோடு பரிசலில் அனுப்புங்கள். நீங்கள் உட்காருங்கள், குச்சி அங்கேயே இருக்கும். பரிசல் வேண்டாம், பயமாக இருக்கிறது என்று அவர்கள் நிஜமாகவே சொன்னால் தொங்கு பாலத்தில் நின்று அருவியைப் பார்க்கலாம். முதலைகள் மறுவாழ்வு மையத்துக்கும் கூட்டிப்போகலாம். அங்கே முதலைகள் வாயைத் திறந்தபடி மணிக்கணக்காக அசையாமல் கிடக்கும். எங்கள் அத்தை அவற்றைப் பார்த்து, "இதுங்களும் மூட்டைக்குக் காவலா?" என்றார்.

அத்தை இப்போது இல்லை. வீட்டில் பரிசல் போட்டோ ஒன்று இருக்கிறது. தலையெல்லாம் சாரல், லைஃப் ஜாக்கெட் கழுத்து வரை ஏறியிருக்கிறது. சொந்தக்காரர்கள் வந்தால் ஒகேனக்கல் எப்போது என்று கேட்பதற்கு முன்பே அதை எடுத்துக் காட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பென்னாகரத்திலிருந்து ஒரு மருமகள்

பி.கு.: முறுக்கு டின் எடுத்துவராதீர்கள். மூடி இறுக்கமாக இருக்கிறது என்று நாங்களும் நம்பித்தான் போன பொங்கலுக்குக் கொண்டுபோனோம்.