மறதிக்கு மீன் எண்ணெய் மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்காக: குமரி மாவட்ட மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். முட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் உடம்புக்கு என்னவென்றாலும் முதலில் உங்கள் கடைக்குத்தான் வருவோம். ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதெல்லாம் அப்புறம்தான். அங்கே போக ஒரு நாள் வேலையை விட வேண்டும், பஸ் ஏற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் கடையில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தைக்கு எங்கள் வீடுகளில் எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். அதை நம்பித்தான் இந்தக் கடிதம்.

என் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். வேளிமலையும் மாதா கோயில் கோபுரமும் கடலிலிருந்து எப்படித் தெரிகின்றன என்பதை வைத்தே, வள்ளம் கடலடியில் எந்தப் பாருக்கு (பாறைத் திட்டுக்கு) மேல் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அதே கோயில் வாசலில் நின்றுகொண்டு, "வீட்டுக்கு எந்தப் பக்கம் மக்களே போகணும்?" என்று என்னிடம் கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

மறுநாளே அம்மா ஒரு மருந்துக்கடைக்குப் போய், மறதிக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாள். மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்தார்கள். ஞாபக சக்திக்கு நல்லது, விடாமல் கொடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் மாதம் 600 ரூபாய் அதற்கே போனது. ஆனி, ஆடியில் கடல் அடித்துத் தொழில் இல்லாமல் கிடந்தபோது அப்பாவின் பிரஷர் மாத்திரை, மீன் மாத்திரை இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தது. அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மீன் மாத்திரையை வாங்கினாள். எங்களிடம் சொல்லவும் இல்லை. மூளைக்கான மருந்தை நிறுத்தக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு ஒரு டாக்டர் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது மேல் அளவு 190 இருந்தது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மாத்திரை மேல் நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூளையில் இருக்கும் முக்கியமான கொழுப்புகளில் ஒன்று, மீன் எண்ணெயில் உள்ள டிஹெச்ஏ என்ற ஒமேகா-3. மீன் அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருகிறது என்று பல கணக்கெடுப்புகளும் சொல்கின்றன. ஆனால் அந்தச் சத்தை மட்டும் மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. அமெரிக்காவில் அல்சைமர் என்ற மறதி நோய் வந்த 402 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குத் தினமும் 2 கிராம் டிஹெச்ஏ, மற்றவர்களுக்குச் சத்தில்லாத வெற்று மாத்திரை, 18 மாதம். 2010-ல் முடிவு வந்தது: நோய் போகும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. நோய் வருமுன் கொடுத்தால் தடுக்காதா என்று நானும் நினைத்தேன். பிரான்சில் 70 வயது தாண்டிய, மறதி நோய் இன்னும் வராத 1,680 பேரிடம் மூன்று வருடம் அதையும் பார்த்திருக்கிறார்கள். 2017-ல் வந்த முடிவில் நினைவாற்றல் குறைவதை ஒமேகா-3 குறிப்பிடும்படி தடுக்கவில்லை.

மீனுக்கும் மாத்திரைக்கும் ஏன் இந்த வித்தியாசம்? மீன் தின்கிறவர்களின் மற்றச் சாப்பாடு, உழைப்பு, வசதி எல்லாமே அந்தக் கணக்கெடுப்புகளில் கலந்திருக்கும். மாத்திரையில் அவை எதுவும் கிடையாது. இன்னொன்று, அட்டையில் 1000 மில்லிகிராம் என்று போட்டிருக்கும் சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 வழக்கமாக 300 மில்லிகிராம்தான். நெய் (கொழுப்பு) வைத்த சாளை (மத்தி) மீன் நூறு கிராமில் அதைவிட அதிகமாகவே இருக்கும். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கும்) சாளைக் குழம்புமாக வளர்ந்த மனிதருக்கு அதே எண்ணெயை டப்பாவில் அடைத்து விற்றிருக்கிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இரத்தக் கொழுப்புக்காக டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஒமேகா-3 மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. அது வேறு விஷயம். அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருப்பதால், அதையும் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஞாபக சக்தி என்று சொல்லி விற்பதுதான் என் கவலை. பல டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என் அம்மாவால் அதைப் படிக்க முடியாது. உங்களால் முடியும்.

2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்று சொல்லி, 14 காரணங்களைச் சுட்டிக்காட்டியது. பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, அதிகக் குடி, தனிமை, காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. காது என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. அப்பா வருடக்கணக்காக வள்ளத்தில் என்ஜினை ஒட்டி உட்கார்ந்தவர். பல வருடமாகவே இடது பக்கம் நின்று பேசினால் திரும்ப மாட்டார். "கடல்காரன் காது அப்படித்தான்" என்று விட்டுவிட்டோம். யாரும் பேசிப் புரியவைக்க மெனக்கெடாததால், அவரும் மெல்ல மெல்லத் திண்ணைப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிட்டார்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். மறதிக்கு மாத்திரை என்று யாராவது வந்தால், டப்பாவை எடுக்குமுன் ஒரு நிமிடம் பேசுங்கள். கடையில் பிரஷர் மெஷின் இருந்தால் கூட்டிவரச் சொல்லிப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையை இடையில் நிறுத்தினார்களா, காது சரியாகக் கேட்கிறதா என்று கேளுங்கள். பி12 வைட்டமின் குறைவாலும் தைராய்டு கோளாறாலும்கூட மறதி வரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால் ரத்தப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பணம்தான் பிரச்சினை என்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை 2021 முதல் வீட்டுக்கே வருவதைச் சொல்லுங்கள். அதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அம்மா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்காது.

அப்பா இப்போது என் பெயரைத் தங்கச்சிக்கு வைத்துக் கூப்பிடுகிறார். ஆனால் கிழிந்த வலையையும் ஊசியையும் கையில் கொடுத்தால், ஒரு கண்ணி பிசகாமல் முடிகிறார்.

உங்கள் கடையில் ஒட்டுவதற்கு, மேலே சொன்ன விஷயங்களைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் முட்டத்திலிருந்து குளச்சல் வரை கடை கடையாக நானே கொண்டுவருகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு கடல்காரரின் மகள்