புலின்யியில் புளிசாதம்

அன்புள்ள பாண்டி,

உன் தென்பக்கத் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்ததா? அன்றைக்குப் பேசும்போது கேட்க நினைத்து விட்டுப்போயிற்று.

நான் பிரான்ஸில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை லியோனிலிருந்து ரயிலேறி பர்கண்டி என்கிற ஒயின் சீமைப் பக்கம் போனேன். இறங்கிய ஊரின் பெயர் போன். சிரிக்காதே, உண்மையிலேயே அதுதான் பெயர். அங்கே 1443-ல் நிறுவிய தர்ம ஆஸ்பத்திரி ஒன்று வண்ண ஓட்டுக்கூரையோடு நிற்கிறது. தானமாக வந்த தோட்டங்களின் ஒயினை நவம்பரில் ஏலம் விடுவார்கள். 1859-ல் தொடங்கிய ஏலம். ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாந்தனே என்ற ஊர் வரைக்கும் 22 கிலோமீட்டர் பாதை. அறுபத்திரண்டு வயதில் உனக்கு ஏன்டா இந்த வேலை என்று நீ கேட்பது காதில் விழுகிறது.

உனக்குப் பிடிக்காத செய்தி முதலில். இங்கே பந்தலே கிடையாது. நம்ம கம்பம் ஊரில் கொடிக்கு அடியில் நிழலில் நடப்போம். இங்கே கொடி என் இடுப்பு உயரம்தான், கம்பியில் கட்டி வேலி மாதிரி நிற்கிறது. மீட்டருக்கு ஒரு கொடி, ஏக்கருக்கு நாலாயிரம் வரும். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மழைதான். காப்பும் வருஷத்துக்கு ஒன்றுதான். வரிசை அவ்வளவு நெருக்கம் என்பதால் நாரை மாதிரி நீளக் கால் வைத்த டிராக்டர் செய்திருக்கிறார்கள். கொடியைக் காலுக்கு நடுவில் விட்டுக்கொண்டு மேலாகவே போகிறது! பொமார் கிராமம் தாண்டி அது எதிரே வந்தபோது சைக்கிளை ஓரங்கட்டி வாய் பிளந்து நின்றேன். ஓட்டியவர் கையசைத்தார்.

மண் நல்லா இருந்தாத்தான் எல்லாம் என்பாயே, இங்கே கதை தலைகீழ். பெரிய ரோட்டுக்குக் கீழே சமதரையில் கொழுத்த மண். அங்கே விளைவதுதான் மலிவு. சரிவில் ஏற ஏற மண் மெலிந்து சுண்ணாம்புக் கல் தெரிகிறது, விலையும் ஏறுகிறது. நடுச்சரிவுதான் உச்சம். தண்ணீர் தேங்காது, காலை வெயில் நன்றாக விழும். அதற்கும் மேலே மண் போதாது, குளிர், அப்புறம் காடு. என்னிடம் தரத்துக்கு ஒரு நிறம் தீட்டிய வரைபடம் இருந்தது. மூச்சு வாங்கி கியரைக் குறைத்த இடத்தில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நிறம் மாறியிருக்கும். காரில் போயிருந்தால் இது எனக்குப் பிடிபட்டிருக்காது.

அடுத்த ஊரான வொல்னே ஏற்றத்தில் செயின் கழன்றது. 'புது வண்டி' என்று கொடுத்த புண்ணியவானை நினைத்துக்கொண்டே திராட்சை இலையில் கையைத் துடைத்தேன். மெர்சோவில் ஒரு நிலவறையில் வெள்ளை ஒயின் ஊற்றித் தந்தார்கள், துப்புவதற்கு வாளியும் வைத்திருந்தார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் சைக்கிளுக்கும் சட்டம் உண்டாம். துப்பிவிட்டேன், மனசில்லாமல்தான்.

புலின்யி கிராமம் போய்ச் சேரும்போது நடுப்பகல், கடையெல்லாம் அடைப்பு. மோன்ராஷே தோட்டத்துக் குட்டைச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, மகள் கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன். உலகத்திலேயே விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களில் ஒன்று அங்கேதான் விளைகிறது. மொத்தமே எட்டு எக்டேர், நம் கணக்கில் இருபது ஏக்கர். அதிலும் பல பேருக்குப் பங்கு. நெப்போலியன் காலத்துச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பாகம். பிரிந்து பிரிந்து இந்தப் பக்கம் சிலருக்கு நாலைந்து வரிசைதான் மிச்சம். ஆனால் எத்தனை பங்கு ஆனாலும் நிலத்தின் பெயர் மாறாது. இந்தப் பக்கம் முழுக்க இப்படிப் பெயருள்ள துண்டுகள் 1,247. யுனெஸ்கோ 2015-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீ புளியமரத்துக் காடு, கிணத்துமேடு என்பாயே, அந்த மாதிரிதான். உன் பட்டாவில் அந்தப் பெயர் ஏறாது. இங்கே பாட்டிலிலேயே ஏறிவிடுகிறது.

அறுவடை முடிந்திருந்தது. விட்டுப்போன ஒரு கொத்திலிருந்து ஒரு பழத்தை வாயில் போட்டேன். சுண்டைக்காய் அளவு, தடித்த தோல், விதை, பல் கூசும் புளிப்பு. உன் பன்னீர் திராட்சையின் வாசம் மருந்துக்கும் இல்லை.

பாதையோரம் கிடந்த சுண்ணாம்புக் கல் ஒன்றைப் பையில் போட்டு வந்திருக்கிறேன். ஜனவரியில் கொண்டுவருகிறேன், உடைத்துப் பார்த்துச் சொல். திரும்பி வந்ததையும் சேர்த்தால் 44 கிலோமீட்டர். முட்டி இன்னும் வலிக்கிறது. மகளிடம் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே.

உன்,
செல்வம்